தேங்காய் அரைக்கத் தெரிந்தால் போதும்: குமரி மாவட்டத்துக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு சமையல் வழிகாட்டி

நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ வேலை மாற்றலாகி வந்தவர்களும், கல்யாணம் முடித்து வந்தவர்களும் முதல் மாதத்திலேயே கேட்பது இதுதான்: அதே தேங்காய், அதே புளி, அதே மிளகாய்தானே, நம் குழம்பு மட்டும் ஏன் பக்கத்து வீட்டுக் குழம்பு மாதிரி வருவதில்லை? பொதுவாக மசாலாவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. தேங்காயை எந்த அளவுக்கு அரைத்தோம் என்பதில்தான் இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. இந்த அடுப்புகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே வெந்தன. துவரன் என்ற தேங்காய்ப் பொரியல், அவியல், மீன்குழம்பு, தீயல் என்ற வறுத்தரைத்த புளிக்குழம்பு, எல்லாவற்றிலும் தேங்காய்தான் அடி. துவரனுக்குச் சதைக்க, அதாவது ஒன்றிரண்டாக நசுக்க வேண்டும். அவியலுக்குக் கரகரப்பாக அரைக்க வேண்டும். மீன்குழம்புக்கு மையாக அரைக்க வேண்டும். தீயலுக்கு வறுத்து அரைக்க வேண்டும். இந்த நான்கு பக்குவமும் கைக்கு வந்துவிட்டால் தினசரிச் சமையலில் பெரும்பகுதி கைவந்த மாதிரிதான். அளவுகள் எல்லாம் நான்கு பேருக்கு.

தேங்காய் வாங்குவது

முற்றின தேங்காயாகப் பாருங்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் விரிசல் விழுந்து தண்ணீர் வற்றியிருக்கலாம். கண் மூன்றையும் விரலால் அழுத்துங்கள். ஈரமாகவோ பூசணம் பூத்தோ இருந்தால் வேண்டாம். இளந்தேங்காயை அரைத்தால் குழம்பு இனிக்கும், கெட்டிப்படாது. கொப்பரைப் பக்குவத்துக்குப் போனதை அரைத்தால் எண்ணெய் தனியாக மிதக்கும், சக்கை தனியாக நிற்கும். ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. பருப்பு தடித்து நிறைய கிடைக்கும். அந்தப் பக்கத்துக் காய் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

நடுத்தரக் காய் ஒன்றைத் திருவினால் 2 முதல் 2½ கப் கிடைக்கும். திருவும்போது சிரட்டையோடு ஒட்டிய பழுப்புத் தோல் வரும்வரை போகாதீர்கள். தீயலுக்கு அது கலந்தாலும் பரவாயில்லை. மீன்குழம்பில் நிறம் மங்கும், அவியல் அழுக்காகத் தெரியும். உடைத்த இரண்டு மூடியில் கண் இருக்கும் மூடி முதலில் கெடும், அதனால் அதை முதலில் எடுங்கள்.

சதைப்பது: துவரனும் மயக்கின கிழங்கும்

முதலில் பழக வேண்டியது இதுதான், இதில் தவறு நேர இடமில்லை. ½ கப் தேங்காய்த் திருவல், 2 பச்சைமிளகாய், 3 உள்ளி, ½ தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள். உள்ளி என்றால் இங்கே சின்ன வெங்காயம். அம்மியில் இரண்டு இழுப்பு. மிக்சியில் என்றால் தண்ணீர் விடாமல் ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, இப்படி மூன்று நான்கு முறை. திருவல் திருவலாகவே இருக்க வேண்டும். மிளகாயும் சீரகமும் நசுங்கி அதில் ஒட்டினால் போதும்.

முட்டைகோஸோ பயற்றங்காயோ முருங்கைக்கீரையோ 300 கிராம் பொடியாக அரிந்துகொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் கடுகும் கொஞ்சம் புழுங்கலரிசியும் தாளியுங்கள். காயைப் போட்டு உப்புச் சேர்த்து, கைத்தண்ணீர் மட்டும் தெளித்து மூடி வேகவிடுங்கள். வெந்த பிறகே சதைத்த தேங்காயைப் போட்டுக் கிளறி இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். தேங்காயை முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும், அதன் இனிப்பும் போய்விடும். துவரன் கொழகொழவென்று வந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். மூடியைத் திறந்து தீயைக் கூட்டி வற்றவையுங்கள்.

மரச்சீனிக் கிழங்கு

மரச்சீனி என்பது மற்ற ஊர்களின் மரவள்ளி. இந்தக் கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதில் இரண்டு தவறு செய்கிறார்கள், இரண்டும் உடம்புக்கு ஆகாதவை.

திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது இந்தக் கிழங்குதான் எத்தனையோ வீடுகளில் பசி ஆற்றியது. இன்றைக்கு அது ருசிக்காகச் சாப்பிடுகிற பண்டம்.

பறித்த கிழங்கு வேகமாகக் கெடும். இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கருப்புமாகக் கோடு ஓடத் தொடங்கும், பிறகு எத்தனை நேரம் போட்டாலும் சரியாக வேகாது. வாங்கும்போது ஒரு முனையை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். “அண்ணாச்சி, ஒண்ணு ஒடிச்சிக் காட்டுங்க, கறுப்பு ஓடியிருக்கா பாப்போம்” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். உள்ளே பால்வெள்ளையாக இருந்து, ‘டக்’கென்று ஒடிந்தால் நல்ல கிழங்கு. வளைந்து கொடுத்தால் பழையது. வாங்கின அன்றே வேகவைக்க முடியாவிட்டால் தோலை உரித்து, தண்ணீரில் முங்கப் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் இரண்டு நாள் தாங்கும்.

மரச்சீனியில் இயல்பாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது. தோலில் கூடுதல், சதையில் குறைவு. இங்கே வீட்டுக்கு வாங்குகிற இனங்களில் அது மட்டாகத்தான் இருக்கும். ஆனாலும் பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் விடக் கூடாது. குக்கரில் ஆவியில் வேகவைத்து அந்தத் தண்ணீரிலேயே மசிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வெளித்தோலை மட்டும் சீவிவிட்டு, அடியில் இருக்கும் தடித்த இளஞ்சிவப்புத் தோலை விட்டுவிடுவது இரண்டாவது.

1 கிலோ கிழங்கை நான்கு விரல் நீளத் துண்டாக நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கில் ஆழமாக ஒரு கீறல் போட்டு, கத்தி நுனியைச் செருகி நெம்பினால் இரண்டு தோலும் சேர்ந்தே கழன்று வரும். பிறகு நெடுக்கில் பிளந்து நடுவில் ஓடும் நாரை உருவிவிடுங்கள். நன்றாகக் கழுவி, கிழங்குக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரிப் பெரிய பாத்திரத்தில் போட்டு, மூடாமல் கொதிக்கவிடுங்கள். 15 முதல் 25 நிமிடம். துண்டுகள் வெடித்து ஓரம் பூக்கும்போது கத்தியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். உப்பை ஆரம்பத்தில் போட்டு அந்தத் தண்ணீரோடு கொட்டுவதைவிட, வடித்த பிறகு அரைக் கப் வெந்நீரில் உப்பைக் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் சூடாக்கினால் கிழங்கில் சீராகப் பிடிக்கும். கசப்பாக இருந்தால், எவ்வளவு கொஞ்சமானாலும், அந்தக் கிழங்கைத் தின்னாமல் கொட்டிவிடுங்கள்.

மயக்குவது, அதாவது தேங்காயோடு குத்திக் கிளறி மசிப்பது என்றால், துண்டுகளை இன்னும் சின்னதாக நறுக்கி வேகவைத்து வடிக்க வேண்டும். 1 கப் தேங்காய், 4 பச்சைமிளகாய், 1 தேக்கரண்டி சீரகம், 4 பல் பூண்டு, ¼ தேக்கரண்டி மஞ்சள், இவற்றைச் சதைத்து, கறிவேப்பிலையோடு கிழங்கின் மேல் போட்டு, மூடி ஐந்து நிமிடம் சிறுதீயில் வையுங்கள். தேங்காயின் பச்சை வாசம் போனதும் அகப்பைக் காம்பால் குத்திக் கிளறுங்கள். முழுக்க மாவாக்கிவிடக் கூடாது. அங்கங்கே துண்டு தெரிய வேண்டும். கடைசியில் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெய். ஆறினால் இறுகிவிடும், அதனால் சாப்பிடப் போகும்போது மயக்குங்கள்.

கரகரப்பு: அவியல்

அவியலுக்குத் தேங்காய் ரவை பதத்தில் இருக்க வேண்டும். நாக்கில் தட்டுப்பட வேண்டும், பல்லில் மாட்டக் கூடாது. 1 கப் தேங்காய், 4 பச்சைமிளகாய், 1 தேக்கரண்டி சீரகம், 3 உள்ளி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் மட்டும் தெளித்து அரையுங்கள். மையாக அரைத்துவிட்டால் அது கூட்டாகிவிடும். அவியலில் காயும் தேங்காயும் தனித்தனியாக வாயில் தெரிய வேண்டும்.

சேனை, ஏத்தங்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய், தடியங்காய், புடலங்காய், சீனியவரை, கத்தரிக்காய் என்று எல்லாம் சேர்ந்து 750 கிராம். தடியங்காய் என்பது மற்ற ஊர்களின் பூசணிக்காய், வெள்ளைப்பூசணி. சீனியவரை என்பது கொத்தவரங்காய். ஏத்தங்காய் என்பது நேந்திரங்காய். சாதாரண வாழைக்காயைப் போட்டால் குழைந்துவிடும். எல்லாவற்றையும் சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒரே தடிமனில் நறுக்குங்கள். சேனை கையை அரிக்கும்; கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, காயைக் கழுவாமல் நறுக்கிவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

சேனையும் ஏத்தங்காயும் முதலில். ½ கப் தண்ணீர், மஞ்சள், உப்பு போட்டு மூடி ஏழு எட்டு நிமிடம். பிறகு முருங்கை, சீனியவரை. தண்ணீர்க் காய்கள் கடைசியில். இந்த மாவட்டத்தில் புளிப்புக்கு மாங்காய் போடும் வீடுகள் நிறைய. மாங்காய் இல்லாத மாதங்களில் கெட்டித்தயிர். மாங்காயை மற்ற காய்கள் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முதலிலேயே ஏறினால் மற்ற காய்கள் இறுகி நிற்கும், அரை மணி நேரம் கொதித்தாலும் சேனை கடிபடாது. தயிர் என்றால் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கலக்குங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

தேங்காய் சேர்த்தபின் கரண்டியால் கிண்டாதீர்கள். பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கிவிடுங்கள். 2 மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயை மேலே சுற்றி ஊற்றி, ஒரு கை கறிவேப்பிலையைப் போட்டு உடனே மூடுங்கள். பத்து நிமிடம் திறக்கக் கூடாது. அவியலுக்குத் தாளிப்பு கிடையாது. மூடிக்குள் அடங்குகிற அந்த வாசம்தான் தாளிப்பு.

மீன் வாங்குவது

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கரை நெடுக மீன் இறங்கும் மாவட்டம் இது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு வடசேரி போன்ற சந்தைகளும், சாயங்காலம் ரோட்டோரம் விரிக்கும் மீன்கடைகளும் உண்டு. முதல் குழப்பம் பெயரில் வரும். சென்னையில் வஞ்சிரம் என்பதை இங்கே நெய்மீன் என்றுதான் கேட்க வேண்டும். மத்தி இங்கே சாளை. கானாங்கெளுத்தி இங்கே அயலை. இறாலை றால் என்பார்கள்.

“அக்கா, இது இண்ணைக்கு உள்ளதா, ஐஸா?” என்று கேட்டுவிட்டே பாருங்கள். கண் பிதுங்கித் தெளிவாக, செவுள் ரத்தச்சிவப்பாக, அழுத்தின இடம் உடனே மேலெழும்ப வேண்டும். சாளை என்றால் வயிறு கிழியாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐஸில் இருந்த மீன் கெட்டது என்று அர்த்தமில்லை. விடாமல் ஐஸிலேயே இருந்தால் நல்லதுதான். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சாளை, அயலை, சூரை மூன்றையும் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். இவை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.

விசைப்படகுத் தடைக்காலம் இந்த மாவட்டத்துக்கு இரண்டு. கிழக்குக் கடற்கரையைச் சேர்ந்த பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு தடையும் ஒன்றாக ஓடும், அப்போது விலை ஏறித்தான் இருக்கும். அந்த நாட்களில் வள்ளங்களில் வரும் சாளையும் நெத்திலியும் கிடைத்தால் அதை வாங்குவதே நல்லது. அளவு கொஞ்சம், ஆனால் அன்றைக்குப் பிடித்தது.

சாளையைத் தண்ணீருக்குள் வைத்துச் செதிள் உரசினால் வீடெல்லாம் தெறிக்காது. தலையை எடுத்து, வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கும் கருப்புச் சவ்வை விரலால் வழித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் குழம்பில் மெல்லிய கசப்பு ஏறும். கல்லுப்புப் போட்டுப் பிசறி மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, ஓட்டைப் பாத்திரத்தில் சாய்த்து முழுக்க நீர் வடியவிடுங்கள்.

மையாக அரைப்பது: மீன்குழம்பு

மண்சட்டி வேண்டும். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு இரண்டு மூன்று நாள் கஞ்சித்தண்ணீரைச் சிறுதீயில் கொதிக்கவைத்துக் கொட்டி, கடைசியில் தேங்காயெண்ணெய் தடவிக் காயவையுங்கள். பழக்காத சட்டியில் வைத்தால் மண்வாசம் வரும், கீறலும் விழலாம். சூடான சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது. சோப்புத் திரவம் வேண்டாம், மண் அதை உறிஞ்சிவிடும். வெந்நீரும் தேங்காய்நாரும் போதும். மீனுக்கு ஒரு சட்டி, மற்றதற்கு வேறு.

அரை கிலோ கழுவின மீனுக்கு: தேங்காய்த் திருவல் 1 கப், மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 1½ மேசைக்கரண்டி, மஞ்சள் ½ தேக்கரண்டி, நல்லமிளகு ¼ தேக்கரண்டி, உள்ளி 6. நல்லமிளகு என்பது மற்ற ஊர்களின் மிளகு. புளி 25 கிராம், ஒரு கப் வெந்நீரில் ஊறவைத்தது. முருங்கைக்காய் 1, பச்சைமிளகாய் 3, மாங்காய் இருந்தால் பாதி. மாங்காய் போட்டால் புளியைப் பாதியாக்குங்கள். கேரள எல்லையை ஒட்டிய வீடுகளில் குடம்புளி போடுவோரும் உண்டு. அப்படியானால் புளிக்குப் பதில் மூன்று சுளையை ஊறவைத்துத் தண்ணீரோடு சேருங்கள்.

தூள்களைக் குழம்பில் தனியாகப் போடக் கூடாது. தேங்காயோடு சேர்த்தே அரைக்க வேண்டும். தனியாகப் போட்ட மல்லித்தூள் அடியில் மண்டியாகத் தங்கும், பச்சைவாசம் போக நேரம் எடுக்கும், அதற்குள் மீன் உடைந்துவிடும். மிக்சியில் முதலில் நல்லமிளகையும் தூள்களையும் தேங்காயோடு தண்ணீரில்லாமல் ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு உள்ளியும் கால் கப் தண்ணீரும். பக்கத்தை வழித்து, மறுபடி கால் கப். மொத்தம் ஐந்து ஆறு நிமிடம் ஆகும், ஆனால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். சூடேறினால் தேங்காயெண்ணெய் பிரிந்து விழுது திரிதிரியாகிவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், ஊற்றும் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். விழுதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல் தட்டுப்படுகிற வரைக்கும் அரைப்பு முடியவில்லை. மீன்குழம்பில் தண்ணீர் மேலே தெளிந்து தேங்காய் கீழே தங்குகிறது என்று சொல்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

சட்டியில் விழுது, புளிக்கரைசல், உப்பு, இன்னும் 1½ கப் தண்ணீர். கையால் கரைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். இப்போது உப்பும் புளியும் தேவைக்கு ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும். மீன் அதில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் போட்டு அடுப்பில் ஏற்றி, முருங்கை அரை வேக்காடு வரும்வரை, பத்து நிமிடம் போலக் கொதிக்கவிடுங்கள். பச்சைவாசம் போகவேண்டியது இந்தக் கொதியில்தான். மாங்காய்த் துண்டை இப்போது போடலாம். பிறகு மீனைப் பரப்பிப் போட்டுத் தீயைக் குறையுங்கள். சாளைக்கு ஆறு ஏழு நிமிடம், அயலைக்கு எட்டு, நெய்மீன், பாரைத் துண்டுகளுக்குப் பத்து. கரண்டி போடவே கூடாது. துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள்.

இறக்கும்போது கறிவேப்பிலையும் இரண்டு மேசைக்கரண்டிப் பச்சைத் தேங்காயெண்ணெயும். தாளிப்பவர்களும் உண்டு, அதற்கு நாலு உள்ளியை வட்டமாக அரிந்து பொன்னிறமாக வதக்கி ஊற்றுவார்கள். பச்சை எண்ணெய்தான் மீனின் ருசியை மறைக்காது என்பது எங்கள் கருத்து. சட்டி இறக்கினபின்னும் கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால் மீன் முழுக்க வேகும்வரை அடுப்பில் காத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டுப் பரிமாறுங்கள்.

புளிப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கெடுக்க வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காயை மையாக அரைத்துக் கலக்கி ஒரு கொதி விடுங்கள். உப்பு கூடினாலும் அதே வழிதான்.

வறுத்து அரைப்பது: தீயல்

நான்கில் கடினமானது இது. பொறுமை கெட்டால் தீயலும் கெட்டது.

1 கப் தேங்காய், அதோடு நறுக்கின 3 உள்ளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, 1 தேக்கரண்டித் தேங்காயெண்ணெய். அடி தடித்த சட்டியில், சிறுதீயில், கையெடுக்காமல் கிளறுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஈரம் போகும், ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். அதைப் பார்த்துத் தீயைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்வது. கூட்டினால் ஓரம் கருகும், நடு வெள்ளையாகவே நிற்கும். பொன்னிறம் வந்ததும் 1½ மேசைக்கரண்டி முழு மல்லி, 6 மிளகாய் வற்றல், ½ தேக்கரண்டி நல்லமிளகு, நாலைந்து மணி வெந்தயம். வெந்தயம் கூடினால் கசக்கும். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். அந்த நிறம் வருவதற்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்து உடனே ஒரு தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். ¼ தேக்கரண்டி மஞ்சளைத் தட்டில் தூவிக் கலந்தால் போதும். கருகிவிட்டால் புளியாலும் வெல்லத்தாலும் மறைக்க முடியாது, புதிதாக வறுங்கள். வறுப்பு குறைந்தாலோ குழம்பு இனித்து, சாதாரணப் புளிக்குழம்பு மாதிரி இருக்கும்.

முழுக்க ஆறின பிறகு, தண்ணீர் விடாமல் அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் கசிந்து தானே விழுதாகும். அதற்கப்புறம்தான் தண்ணீர்.

200 கிராம் உள்ளியை முழுசாக உரித்து 2 மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயில் கண்ணாடிப் பதம் வரும்வரை வதக்குங்கள். 25 கிராம் புளியை ஒன்றரைக் கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, உள்ளி வெந்ததும் விழுதைக் கரைத்து ஊற்றுங்கள். சிறுதீயில் பத்து நிமிடத்துக்குமேல் கொதித்து, மேலே கருஞ்சிவப்பாக எண்ணெய் பிரிய வேண்டும். கடுகும் வற்றலும் தாளித்து இறக்குங்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய், முருங்கைக்காய் எதில் வேண்டுமானாலும் இதே முறை. வெண்டைக்காயையும் பாகற்காயையும் மட்டும் முதலில் எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கிக்கொள்ளுங்கள்.

சோறும் சாயங்காலமும்

இந்தக் குழம்புகளுக்குத் தடித்த சிவப்புப் புழுங்கலரிசிதான் பொருந்தும். கடையில் சம்பா என்றும் மட்டை என்றும் கேட்டால் கிடைக்கும். 1 கப்புக்கு 6 கப் தண்ணீர், திறந்த பாத்திரத்தில் 40 முதல் 45 நிமிடம், பிறகு வடித்தல். முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஊறவைத்தால் நேரம் குறையும். வடித்த கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம், சட்டி பழக்கவும் ஆகும்.

சாயங்காலத்துக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். வேகவைத்த கிழங்கும் கட்டன்சாயாவும், அதாவது பால் சேர்க்காத தேநீரும். அல்லது நன்றாகப் பழுத்த ஏத்தம்பழத்தைத் தோலோடு மூன்று துண்டாக்கி ஆவியில் பன்னிரண்டு நிமிடம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக இருக்கட்டும். மஞ்சள் மட்டும் இருந்தால் வெந்தபின்னும் துவர்க்கும். குழந்தைகளுக்கு மட்டி வாழைப்பழம் வாங்கிக் கொடுங்கள். விரல் நீளம், வாசம் வீடு நிறைக்கும். இந்த மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சீக்கிரம் கனிந்துவிடும் பழம், அதனால் சீப்பாக வாங்காமல் இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

மறுநாளைக்கு

மீன்குழம்பும் தீயலும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். அவியலும் துவரனும் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டியவை. மீன்குழம்பைக் குளிர்பெட்டியில் வைப்பதானால் சூடு ஆறினதும் மூடி போட்ட வேறு பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் சட்டியில் எடுத்து, சிறுதீயில் கொதி வரும்வரை சூடாக்குங்கள். மொத்தத்தையும் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டால் மீன் ரப்பராகும், குழம்பு கரிக்கும். அடியில் கொஞ்சம் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி நீட்டாதீர்கள். மயக்கின கிழங்கை அந்தச் சட்டியிலேயே போட்டுப் பிரட்டி, சட்டியோடு மேசையில் வையுங்கள்.